சித்திர சபை

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அருவியைப் பார்க்கிறார்கள். சாரல் காலத்தில் அதற்குத்தானே வருவது! ஆனி, ஆடி மாதங்களில் பேரருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, ஐந்தருவிக்கு ஓடி, ஈரத் துண்டோடு சூடாக எதையாவது தின்றுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குள் நுழைகிறவர்கள் அவர்களில் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள். கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தருகே தனியாக நிற்கும் சித்திர சபைக்குப் போகிறவர்களோ மிகச் சிலர்.

நடராஜப் பெருமான் ஆடுகிற சபைகள் ஐந்து என்பார்கள். திருவாலங்காட்டில் ரத்தின சபை, சிதம்பரத்தில் கனக சபை, மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, ஐந்தாவதாகக் குற்றாலத்தில் சித்திர சபை. மற்ற இடங்களில் பெருமானை விக்கிரகமாகத் தரிசிக்கிறோம். குற்றாலத்தில் மட்டும் அவர் சுவரில் எழுதிய சித்திரமாக ஆடுகிறார். மூலிகைச் சாயத்தில் எழுதிய படம். மார்கழித் திருவாதிரையில் அந்தப் படத்துக்குத்தான் தாண்டவ தீபாராதனை.

சிறு வயதில் என்னை முதன் முதலாக அங்கே அழைத்துப் போனவர் என் தாத்தா. தென்காசிக்காரர்; 1917ல் பிறந்தவர். நாடகப் பைத்தியம். சினிமா என்ற வார்த்தையைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நாடகத்தைக் கொன்ன பயலுவ" என்பது சினிமாக்காரர்களுக்கு அவர் வைத்திருந்த பட்டப் பெயர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சித்திரத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்புறம் வேறு என்னவோ வருகிறது. பழைய மேடை நாடகங்கள் சினிமாப் படங்களான கதையை எழுத உட்கார்ந்தவன் சித்திர சபையிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது சங்கதிதான்.

தென்காசிக்கு மேற்கே ஐந்தாறு மைல் போனால் செங்கோட்டை. இப்போது அதுவும் தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. ஜில்லா பிறந்ததே 2019ல்தான். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்தது. அந்த ஊரில் 1906ல் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே மேடையேறி, சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பாடி வளர்ந்து, பிற்பாடு கன்னையா கம்பெனியின் "தசாவதாரம்" முதலிய நாடகங்களில் பெரும் பெயர் எடுத்தவர். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரிப் பாட வேண்டும். கிட்டப்பா உச்ச ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று விளையாடுவார் என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். கே. பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்ததும், பிறகு மணந்துகொண்டதும் தமிழ்நாடு முழுவதும் அறிந்த கதை.

1933ம் வருஷம் டிசம்பர் 2ந் தேதி கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு.

தமிழின் முதல் பேசும்படமான "காளிதாஸ்" சென்னையில் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியானது 1931 அக்டோபர் 31ந் தேதி. கணக்குப் பார்த்தால், பேசும்படம் வந்த பிறகு கிட்டப்பா உயிரோடிருந்தது இரண்டு வருஷமும் ஒரு மாதமும்தான். அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சில கிராமபோன் இசைத்தட்டுகளில் குரல் மட்டும் இருக்கிறது. தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்குள் விடிய விடியப் பாடினவரை அடக்கப் பார்த்திருக்கிறார்கள்.

தாத்தா கிட்டப்பாவைப் பார்த்தது தம் பதினைந்தாவது வயதில். வீட்டில் சொல்லாமல் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய் "வள்ளித் திருமணம்" பார்த்துவிட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்து அடி வாங்கினாராம். "அடியெல்லாம் காதுல விழல" என்பார்.

அந்த வள்ளித் திருமணம் எப்படிப்பட்ட நாடகம் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதைச் சொன்னால்தான் அது சினிமாவானபோது என்ன நேர்ந்தது என்பது விளங்கும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867ல் அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளித் திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். 1918ல் மதுரையில் பையன்களை வைத்து "தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை"யை ஆரம்பித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். 1922ல் புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதிய நாடகங்களோ அவரோடு போகவில்லை. "ஸ்பெஷல் நாடகம்" என்று ஒரு வழக்கம் அவற்றை ஊர் ஊராகக் கொண்டு போயிற்று. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றைக்கும் கொண்டு போகிறது.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ஒத்திகை கிடையாது. வள்ளியாக வருகிறவள் ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், வேலன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். சாயங்காலம் வந்து இறங்கி முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட உண்டு. எல்லாருக்கும் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும். தினைப்புனத்தில் வள்ளியோடு நாரதர் தர்க்கம் செய்யும் கட்டம் வந்துவிட்டால் எழுதி வைத்த வசனமெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அவர் ஒரு கேள்வி போடுவார், அவள் மடக்குவாள், அவர் பாட்டிலேயே பதில் சொல்வார், ஜனங்கள் கட்சி பிரிந்து ஆரவாரம் செய்வார்கள். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ்மோர்" கேட்பார்கள். மூன்று தடவை, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் பாட்டு வேறாக இருக்கும். அந்த ராத்திரிக்கு அந்த ஊருக்கென்று ஒரு வள்ளித் திருமணம். மறுநாள் அடுத்த ஊரில் இன்னொன்று.

இந்த நாடகம் 1933ல் சினிமாவாயிற்று. கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தா கம்பெனியோடு சேர்ந்து அங்கேயே எடுத்த "வள்ளித் திருமணம்" அது. டி. பி. ராஜலட்சுமி வள்ளி. படத்துக்கு நல்ல வசூல். அடுத்த வருஷம் "பவளக்கொடி" வந்தது. மேடையில் ஜோடியாகப் பெயர் வாங்கியிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரையும் எஸ். டி. சுப்புலட்சுமியையுமே நடிக்க வைத்து கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்தார். படத்தில் ஐம்பது பாட்டு! இன்றைக்கு இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் இது தமிழர்களுக்கு மட்டும் இருந்த பைத்தியமல்ல. லட்சுமணபுரியில் பிறந்த பழைய உருது நாடகமான "இந்திரசபா"வை 1932ல் கல்கத்தாவில் இந்திப் படமாக எடுத்தபோது பாட்டு எழுபதைத் தாண்டிற்று. மேடையில் இருந்ததை அப்படியே தூக்கிப் படத்தில் வைத்தார்கள்; அவ்வளவுதான்.

அப்படியே வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்போது பின்னணிப் பாட்டு என்பது கிடையாது. நடிகர் நடிக்கும்போதே பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் ஒதுங்கி நின்று வாசிக்கவேண்டும். ஒலி வாங்கும் கருவியை விட்டு நடிகர் நகரக் கூடாது. நடிகர் நகராவிட்டால் காமிராவுக்கு எங்கே நகர வேலை? ஆக, கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பவனின் கண் மாதிரி காமிராவும் ஓர் இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. 1938ல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த "நந்தகுமார்" படத்தில்தான் ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் வித்தை தமிழில் ஆரம்பமாயிற்று.

"நாடகத்தைக் கொன்னுட்டானுவ" என்று தாத்தா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சினிமா எதைக் கொன்றது என்று பார்த்தால், கதையை அல்ல, பாட்டையும் அல்ல. கேட்கிறவனுக்கு இருந்த பங்கைத்தான். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் தாத்தாவிடம் கேட்டேன்: "தாத்தா, அதே பாட்டு, அதே கதைதானே? சினிமாவில் பார்த்தால் என்ன?"

"ஏலே, நான் ஒன்ஸ்மோர்னு கத்துனா அந்த வெள்ளைத் துணிக்குக் காது கேக்குமாலே?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

சுவாமிகளின் நாடகங்கள் பாட்டை நம்பியவை. வசனத்தை நம்பிய நாடகங்களின் கதை வேறு. பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்த கனவான் மேடையேறுவது அந்தக் காலத்தில் சின்னக் காரியமல்ல. அவருடைய "மனோகரா" 1936ல் ஒரு தடவை படமாயிற்று. அதில் அரசன் புருஷோத்தமனாக முதலியாரே நடித்தார். 1954ல் அதே நாடகம் மறுபடியும் படமாயிற்று. எல். வி. பிரசாத் டைரக்ஷன், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசன் மனோகரன், கண்ணாம்பா தாய். நாடகத்தை எழுதியவரே நடித்த படத்தை இன்று பேசுவார் இல்லை. அவர் எழுதிய வசனத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் புது வசனம் எழுதிய படம்தான் ஜனங்கள் மனத்தில் மனோகராவாக நிற்கிறது. சங்கிலியால் கட்டுண்ட மகனும் பொறுமை கடந்த தாயும் நிற்கும் அந்தக் கட்டத்தை ஊரில் கிழவிகள்கூட ஒப்பிப்பார்கள். எது மூல நூலுக்கு விசுவாசமானது என்று கேட்டால் முதல் படத்தைக் காட்டலாம். எது நாடகத்தை உயிரோடு வைத்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலியாரின் "சபாபதி" 1941ல் ஏ. வி. எம். படமாக வந்தது. டி. ஆர். ராமச்சந்திரன் எஜமான், காளி என். ரத்தினம் வேலைக்காரன், இரண்டு பேருக்கும் பெயர் சபாபதி. எண்பது வருஷத்துக்கு மேலாகியும் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்தவரை நான் கண்டதில்லை. மேடையில் வேலைக்காரன் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவு உண்டு. கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி செய்யவேண்டும். சினிமாவில் ரத்தினம் கண்ணை உருட்டினாலே போதும். அந்த ஓர் இடத்தில் மேடை செய்ய முடியாததைப் படம் செய்துவிட்டது.

இதற்கு நேர்மாறான வேடிக்கை "மனோன்மணீயம்". எங்கள் பக்கத்துக் கதை அது. மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குத் தலைநகரை மாற்றிக்கொண்டு வந்து கோட்டை கட்டிய ஜீவகன் என்னும் பாண்டியன், அவனைக் கவிழ்க்கப் பார்க்கும் குடிலன் என்னும் மந்திரி, ஒருவருக்கும் தெரியாமல் சுந்தர முனிவர் அமைக்கும் சுரங்க வழி, கனவிலே ஒருவரை ஒருவர் கண்டு காதல் கொள்ளும் மனோன்மணியும் சேர மன்னனும். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபு என்ற ஆங்கிலேயர் எழுதிய கதை ஒன்றைத் தழுவி 1891ல் இதைச் செய்யுளில் எழுதி வெளியிட்டார். இன்று நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நூலின் பாயிரத்தில் உள்ளதுதான். இது படிப்பதற்கென்று எழுதிய நாடகம். பக்கம் பக்கமாக ஆசிரியப்பா பேசும் பாத்திரங்களை எந்தக் கொட்டகை ஜனங்கள் விடியும்வரை பொறுப்பார்கள்? அதைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1942ல் படமாக எடுத்தார். பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். செய்யுளைக் கழற்றிவிட்டுப் பாட்டையும் சண்டையையும் மாட்டினார்கள். புலவர்களுக்குக் கோபம் வந்தால் நியாயம்தான். ஆனால் சுந்தரம் பிள்ளையின் பெயரை அறியாத லட்சம் பேருக்கு மனோன்மணி என்ற பெண்ணைத் தெரியச் செய்தது அந்தப் படமே.

எங்கள் ஜில்லாக் கதைகளில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் தம் நாடக மன்றத்தாரோடு 1957 முதல் ஊர் ஊராக நடித்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" 1959ல் பி. ஆர். பந்துலுவின் படமாயிற்று. மேடையில் பழகிப் பழகி மெருகேறிய நடிப்பு அது. 1960ல் கெய்ரோ நகரத்துப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சிக்காரன் எப்படி இருந்தான் என்று பார்த்தவர் யாருமில்லை. நம் பிள்ளைகளுக்கு அவன் சிவாஜியாகத்தான் இருக்கிறான். நாடகத்தைப் படமாக்குவதில் உள்ள பலமும் அபாயமும் இதுதான். மேடையில் நூறு கட்டபொம்மன் வரலாம். படத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவனுக்கு இடமில்லை.

மேடையையும் படத்தையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டிய படம் ஒன்று சீமையில் உண்டு. ஷேக்ஸ்பியரின் "ஐந்தாம் ஹென்றி"யை 1944ல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்தார். படம் ஆரம்பிக்கும்போது பழைய லண்டன் நாடகக் கொட்டகையில் நாடகம் நடக்கிறது. ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள். நடிகர்கள் திரைக்குப் பின்னால் வேஷம் கட்டுகிறார்கள். நாம் கொட்டகை ஜனங்களில் ஒருவராக உட்கார்ந்திருக்கும்போதே சுவர்கள் மெல்ல விலகி வெட்டவெளியில் குதிரைப்படை பாய்கிறது. எல்லாம் முடிந்ததும் மறுபடி கொட்டகைக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறார். இதைப் பார்த்தபோது, நம் தினைப்புனத் தர்க்கத்தை இப்படி ஒருவர் எடுத்திருக்கக் கூடாதா, அந்த ஆர்மோனியக்காரரையும் ஒன்ஸ்மோர் கேட்கும் ஜனங்களையும் சேர்த்து எடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. நம்மவர்கள் நாடகத்தைத்தான் எடுத்தார்கள். நாடகம் பார்த்தவர்களை எடுக்கவில்லை.

கிட்டப்பா போன பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடைவைக்கு மாறினார். அப்போது அவருக்கு இருபத்தைந்துதான். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டார். 1935ல் "நந்தனார்" படத்துக்கு அவரை அழைத்தபோது ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்த நாளில் அது ஊரையே விலைக்கு வாங்குகிற பணம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தில் அவருக்கு ஆண் வேஷம், நந்தனாராகவே. இன்னொரு பக்கம் "அவ்வையார்" நாடகத்தில் டி. கே. சண்முகம் பல்லுப் போன கிழவியாக நடித்து "அவ்வை சண்முகம்" என்றே பெயர் பெற்றிருந்தார். 1953ல் ஜெமினி வாசன் "அவ்வையார்" படம் எடுத்தபோது அந்த வேஷம் சுந்தராம்பாளுக்கு வந்தது. மேடை, பெண் வேஷத்தை ஆணுக்குக் கொடுத்தது. சினிமா, ஆண் வேஷத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தது. கடைசியில் அவ்வை சுந்தராம்பாளிடம் வந்து சேர்ந்தாள். செங்கோட்டைக்காரரோடு விடிய விடியப் பாடிய குரல் எப்படி இருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தப் படத்தில்தான். சினிமா இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இதைத் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் அவரே ஒரு தடவை, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, வலியச் சினிமாவுக்குப் போயிருக்கிறார். அது 1945ல். ஏ. வி. மெய்யப்பன் "ஸ்ரீ வள்ளி" எடுத்தார். டி. ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. மகாலிங்கம் சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் பிறந்தவர். கிட்டப்பாவின் வழியில் பாடுகிறவர் என்று பெயர். கிட்டப்பா மேடையில் பாடி இசைத்தட்டிலும் கொடுத்த வள்ளி நாடகப் பாட்டை மகாலிங்கம் அந்தப் படத்தில் பாடுகிறார் என்று யாரோ சொன்னார்களாம். இருபத்தெட்டு வயது ஆள், பிள்ளை குட்டிக்காரர், வீட்டில் சொல்லாமல் மறுபடியும் போயிருக்கிறார்.

பாட்டு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம். "மூடுனா செங்கோட்டை, தொறந்தா சினிமா" என்று என்னிடம் சொன்னார். பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிட்டார். மீதிப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. அதே மகாலிங்கம், 1961ல் சிவாஜியும் பத்மினியும் நடித்து மறுபடி "ஸ்ரீ வள்ளி" வந்தபோது நாரதராக வந்தார். அதற்குத் தாத்தா போகவில்லை.

தொண்ணூறுகளில் தாத்தாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. ஒரு நாள் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிட்டப்பாவின் பாட்டை ஒலிநாடாவில் பதிந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஓடவிட்டேன். இசைத்தட்டின் கரகரப்பு, அதற்குள்ளிருந்து அந்தக் குரல். பாட்டு முடிந்தது. தாத்தா வெகு நேரம் பேசவில்லை.

"பாத்தியாலே, குரலு இருக்கு. ஆனா அவுக நிக்கது இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவுக பாடும்போது நிக்க நிலை ஒண்ணு உண்டு. அதை ஒனக்குச் சொல்லத் தெரியல. இப்படின்னு சொன்னா அப்படி இல்ல. ஒரே ஒரு ரீலு எடுத்து வச்சிருந்தானுவன்னா... பத்து நிமிசம் போதும்லே. பேசாத படமா இருந்தாலும் சரிதான். ஒனக்குக் காட்டிருப்பேன்."

அறுபது வருஷம் சினிமாவைத் திட்டியவர் கேட்டது ஒரு ரீல். ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி பிலிம்; ஓடுவதற்குப் பத்துப் பதினொரு நிமிஷம். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம்தான் சித்திர சபையில் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டது எனக்கு விளங்கிற்று என்று நினைக்கிறேன். ஆட்டத்தைப் பார்த்தவன் சித்திரத்தைக் குறை சொல்லலாம். அவனுக்கு அந்தப் பாத்தியதை உண்டு. ஆனால் ஆட்டம் முடிந்து விளக்கணைந்த பிறகு பிறந்தவன் எதைப் பார்ப்பான்? அவனுக்குக் கிடைப்பது சுவரில் இருக்கும் சித்திரம்தான். அதில் தூக்கிய திருவடி தூக்கியபடியே இருக்கிறது. ஒன்ஸ்மோர் கேட்டால் மாற்றி ஆடாது. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் ஆடினவரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் சித்திரத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமே! இங்கேதான் நான் தாத்தாவின் எதிரிகளிடம் கோபித்துக்கொள்கிறேன். "காளிதாஸ்" இன்று இல்லை. பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம். 1933ல் எடுத்த "வள்ளித் திருமணம்" இல்லை. முப்பதுகளில் எடுத்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டால் நாளடைவில் பிசினாகும். பழைய பிலிமை உருக்கினால் கொஞ்சம் வெள்ளி கிடைக்கும் என்று விற்றுவிட்டவர்களும் உண்டு. பழைய படங்களைச் சேர்த்துக் காப்பதற்கென்று புனாவில் தேசியக் காப்பகம் ஏற்பட்டது 1964ல்தான். அதற்குள் முக்கால்வாசி நாடகம் இரண்டாம் தடவையும் செத்துவிட்டது. மேடையில் ஒரு தடவை, பிலிமில் ஒரு தடவை. தப்பிப் பிழைத்த சிலவற்றுள் 1934ம் வருஷத்துப் "பவளக்கொடி" ஒன்று. அந்த ஐம்பது பாட்டைக் கேலி செய்யும் பிள்ளைகளிடம் இப்போது நான் சொல்வது இது: "சிரிங்கப்பா, தாராளமாய்ச் சிரிங்க. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தை அந்தக் காலத்து நடிகர்கள் எப்படி நின்று பாடினார்கள் என்று பார்க்க உங்களுக்கு மிஞ்சியிருப்பது அதுதான்."

போன மார்கழியில் திருவாதிரைக்குக் குற்றாலம் போயிருந்தேன். அருவியில் கூட்டம் அதிகம் இல்லை. சித்திர சபையில் தீபாராதனை நடந்தது. தீபம் அசைய அசைய, சுவரில் இருந்த சாயத்தின் மேல் வெளிச்சம் ஏறி இறங்கிற்று. ஒரு விநாடி, தூக்கிய திருவடி நகர்ந்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஒரு சின்னப் பையன் தன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, சாமி நிஜமா ஆடுச்சா?" என்று கேட்டான்.

"ஆடுனாக. நாமதான் பிந்தி வந்துட்டோம்" என்றார் அந்தப் பெரியவர்.